மலைநாட்டில் மின்சாரக் கார்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கிய நாளிலிருந்து, கராஜுக்கு வருகிறவர்கள் மின்சாரக் காரைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

அண்ணே, மின்சாரக் கார்னா ஹைபிரிட்தானே? எங்க மாமாகிட்ட அக்குவா இருக்கு.

இல்லை. அக்குவாவும் பிரியஸும் பெற்றோல் கார்கள்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சின்ன பெட்டரியில் பிடித்துவைத்து இன்ஜினுக்கு உதவுகின்றன. சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய முடியாது, பெற்றோல் ஷெட்டுக்குப் போயே ஆக வேண்டும். வெகன் ஆரில் இருப்பது அதைவிடச் சின்ன உதவி.

முழு மின்சாரக் காரில் இன்ஜினே கிடையாது. மோட்டார், பெரிய பெட்டரி, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு: பெற்றோலும் அடிக்கலாம், பிளக்கிலும் போடலாம். இந்தப் பக்கத்தில் நான் 'மின்சாரக் கார்' என்று சொல்வது இன்ஜின் இல்லாததை மட்டும்.

இந்தச் சீனக் கார் எல்லாம் எங்கிருந்து திடீர்னு வந்துச்சு? நேத்துவரைக்கும் ஜப்பான் கார்தானே?

திடீரென்று வரவில்லை. நம்மூரில் ஐந்து வருடம் கதவு மூடியிருந்ததால் நமக்கு அப்படித் தெரிகிறது. அவுடி கம்பனியில் பொறியியலாளராக இருந்த வான் காங் என்பவர் 2007இல் சீனாவின் விஞ்ஞான அமைச்சரானார். பெற்றோல் இன்ஜினில் ஜப்பானையும் ஜேர்மனியையும் எட்டிப் பிடிக்க முடியாது, அடுத்த ஆட்டத்தில் முதலில் இறங்குவோம் என்பது அவர் வாதம். 2009இலிருந்து அரசாங்கம் காசைக் கொட்டியது. வாங்குகிறவர்களுக்கான மானியம் 2022 முடியும்வரை ஓடியது. ஷாங்ஹாய் போன்ற நகரங்களில் பெற்றோல் காருக்கு நம்பர் பிளேட் எடுப்பதே பெரும் செலவு, மின்சாரக் காருக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

இன்னொரு பக்கம் பெட்டரி. சீனக் கார்க் கம்பனியான பிவைடி 1995இல் ஷென்செனில் தொடங்கியபோது அது வெறும் பெட்டரிக் கம்பனி. கைத்தொலைபேசிக்குப் பெட்டரி செய்து விற்றது. 2003இல் நொடிந்துகிடந்த ஒரு கார்க் கம்பனியை வாங்கித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது. 2022 மார்ச்சில் பெற்றோலில் மட்டும் ஓடும் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. உலகத்தில் பெரிய பெட்டரிக் கம்பனியான சிஏடிஎல்லும் சீனாதான். உலகத்துக் கார்ப் பெட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் கையில்.

மின்சாரக் காரில் பாதி விலை பெட்டரி என்று ஒருகாலத்தில் சொல்வார்கள். 2010 வாக்கில் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் பெட்டரி 1,000 டொலருக்கு மேல். 2024இல் சராசரி 115 டொலர். அந்த இறக்கத்தில் பெரும்பங்கு சீனத் தொழிற்சாலைகளில் நடந்தது. காரைப் பார்த்து வாய் பிளக்கிறோம், உண்மையான போட்டி இருக்கைக்கு அடியில் கிடக்கிற பெட்டிக்குத்தான்.

அப்ப டெஸ்லா தோத்துப் போச்சா?

எண்ணிக்கையில், ஆமாம். 2025இல் பிவைடி விற்ற முழு மின்சாரக் கார்கள் சுமார் 22 இலட்சத்து 50 ஆயிரம். டெஸ்லா சுமார் 16 இலட்சத்து 36 ஆயிரம். ஆனால் டெஸ்லாவின் ஷாங்ஹாய்த் தொழிற்சாலைதான் சீனத்து உதிரிப்பாகக் கம்பனிகளை வளர்த்துவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது.

ஜப்பான்காரர்கள் ஹைபிரிட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2010இலேயே லீஃப் காரைக் கொண்டுவந்தது நிசான்தான், ஆனால் அந்த முன்னிலையை வைத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பா சொந்தமாகப் பெட்டரி செய்யப் பெரிதும் நம்பியிருந்த சுவீடனின் நோர்த்வோல்ட் 2025 மார்ச்சில் வங்குரோத்தானது.

மலை ஏறுமா? கண்டியில சார்ஜ் பண்ணிக்கிட்டு நுவரெலியா போனா ரம்பொடையில நின்னுடாதா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. ஏறும். ஏற்றத்தில் மின் மோட்டார் பெற்றோல் இன்ஜினைவிட நல்லது. நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கிடைக்கும், கியர் குறைக்கத் தேவையில்லை, கொண்டை ஊசி வளைவில் நின்று எடுத்தாலும் திணறாது.

எவ்வளவு பெட்டரி தின்னும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். நான்கு பேரோடு கார் இரண்டு தொன் என்று வையுங்கள். அந்தப் பாரத்தை 1,370 மீற்றர் தூக்க ஏழரை யூனிட் வேண்டும். வழியில் வீணாவதைச் சேர்த்தால் எட்டரை. 77 கிலோமீற்றர் தூரத்துக்குச் சமதரைக் கணக்கில் (100 கிலோமீற்றருக்கு 15 யூனிட்) இன்னும் பதினொன்றரை. ஆக 20 யூனிட். இறங்கும்போது மலை கொஞ்சம் திருப்பித் தருவதால் ஆறேழு யூனிட் போதும். போகவர 27 யூனிட்டுக்குள் முடியும். பிவைடி அட்டோ 3இல் 60 யூனிட் பெட்டரி வருகிறது, பாதி கூட முடியாது.

இதே பயணத்தை 24 யூனிட் பெட்டரியோடு வந்த பழைய லீஃபில் செய்தால் கதை வேறு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

கொழும்புக்குப் போய் வரலாமா?

ஹட்டனிலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். போகும்போது இறக்கம், திரும்பும்போது கித்துல்கலையிலிருந்து ஏற்றம். மேலே போட்ட கணக்கின்படி 60 யூனிட் காரில் சார்ஜ் போடாமலே போய்த் திரும்பலாம். ஆனால் கொழும்பு நெரிசலில் ஏசி போட்டுச் சுற்றுகிறவர்கள் திரும்புமுன் எங்கேயாவது அரை மணி நேரம் வேகச் சார்ஜில் போடுவது நிம்மதி. கித்துல்கலையில் 15 சதவீதத்தோடு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இறக்கத்துல தானா சார்ஜ் ஆகுமாமே, உண்மையா?

உண்மை. காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறிக் காரையும் பிடிக்கும், பெட்டரிக்கும் ஏற்றும். ஏறும்போது தூக்கச் செலவழித்ததில் ஏறக்குறைய அறுபது சதவீதம் திரும்பக் கிடைக்கும். பிரேக் பேட் தேய்வதும் குறைவு. ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடாகி வாடை வருவதை அறிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பெட்டரி நிரம்பியிருந்தால் திரும்ப வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லை. அப்போது கார் தானாகப் பிடிப்பது பலமாகக் குறைந்துவிடும். நுவரெலியாவில் வீடு, இரவெல்லாம் போட்டு நூறு சதவீதம், காலையில் நேரே புசல்லாவைப் பக்கம் இறக்கம்: முதல் சில கிலோமீற்றர் சாதாரணப் பிரேக்தான் முழுச் சுமையையும் தாங்கும். பழகிய பிடிப்பு இல்லாமல் திடுக்கிடுவீர்கள். மேட்டில் இருப்பவர்கள் 85 அல்லது 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான புதுக் கார்களில் அந்த அளவைத் திரையிலேயே போட்டுவைக்கலாம்.

நுவரெலியாக் குளிருக்கு பெட்டரி செத்துடாதா?

நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார். அங்கே பனி கொட்டும். நமக்கு ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழுந்தால் அது படத்தோடு செய்தி. அந்த நேரம் ஹீட்டர் போட்டால் தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பெட்டரிக்கு எதிரி வெப்பம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில்தான் பழைய லீஃப் பெட்டரிகள் முதலில் படுத்தன. கொழும்பிலோ அநுராதபுரத்திலோ ஓடிய வண்டியைவிடப் பண்டாரவளையில் ஓடிய வண்டியின் பெட்டரி நீடிக்கும். நம்ம குளிருக்கு ஒரு பிரயோசனம்.

மழையில சார்ஜ் போட்டா ஷொக் அடிக்காதா?

கார்ப் பக்கம் அடிக்காது. பிளக் முழுதாகப் பொருந்தி, காரும் சார்ஜரும் பேசிக்கொண்ட பிறகுதான் மின்சாரமே ஓடும். ஆபத்து உங்கள் வீட்டுச் சுவரில். அது அடுத்த கேள்வி.

வீட்டுல சாதாரண பிளக்குல போடலாமா?

போடலாம். நல்ல 13 அம்பியர் பிளக், தனி வயர், ஒழுங்கான ஏர்த், ட்ரிப் சுவிட்ச் இந்த நான்கும் இருந்தால். காரோடு வரும் சார்ஜர் 10 அம்பியர் அளவில் இழுக்கும். இரவு பத்து மணி நேரத்தில் கையில் மிஞ்சுவது 20 யூனிட், 130 கிலோமீற்றர். ஹட்டன் டவுனுக்கும் தலவாக்கலைக்கும் போய்வருகிற மனிதருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு கேத்தலுக்கும் இதற்கும் ஒரே அம்பியர்தானே என்று கேட்பார்கள். கேத்தல் ஐந்து நிமிடம் இழுக்கும், கார் பத்து மணி நேரம் இழுக்கும். தளர்ந்த பிளக் அந்த நேரத்தில் உருகும். முகப்பு வெள்ளையாக இருக்கும், கழற்றினால் லைவ் பக்கத் துளைக்குப் பின்னால் கறுத்துப்போய், செம்புத் தகடு ஸ்பிரிங் செத்து வாயைப் பிளந்து கிடக்கும். இப்படிப்பட்டவை என் மேசை இழுப்பறையில் நிறைய. மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் வயர், பழைய உருண்டை முனைப் பிளக்குக்கு அடப்டர் எதுவும் வேண்டாம்.

7 கிலோவாற் சுவர்ச் சார்ஜர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீற்றரைப் பாருங்கள். சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர். அந்தச் சார்ஜர் தனியாகவே 32 கேட்கும். ஒன்று சார்ஜரில் அம்பியரைக் குறைத்துவைக்க வேண்டும், அல்லது மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கரண்ட் பில் ஏறிடுமே?

ஏறும். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடினால் 150 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 90 போகிறதென்றால் மொத்தம் 240. அதாவது 180ஐத் தாண்டி மேல் படிக்குப் போய்விடுவீர்கள், கடைசி யூனிட்டுகளுக்கு அதிக விலை. அதனால் நேரத்துக்கேற்ற கட்டண முறையைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை கொள்ளை விலை.

யூனிட் 60 ரூபா என்று உயர்த்தியே வைத்தாலும் 100 கிலோமீற்றருக்கு 900 ரூபா. பெற்றோல் லீற்றர் 300 ரூபா, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் 2,500 ரூபா. மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. காரின் விலையை அது எப்போது ஈடுகட்டும் என்பது நீங்கள் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறவருக்கு ஆயுசுக்கும் ஈடாகாது.

நாங்க லயத்துல இருக்கோம். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புறான். எங்களுக்கு சரிவருமா?

நேராகச் சொல்கிறேன்: காரில் தடையில்லை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தடை இருக்கிறது. வண்டி நிற்கும் இடம் ரோட்டோரம், குடியிருக்கும் காம்பரா மேட்டில். நடுவில் படியும் பீலியும் கானும். அங்கிருந்து வயர் இழுக்க வேண்டாம் என்று மேலேதான் சொன்னேன். காம்பராக்களின் உள் வயரிங் ஒரு பல்பும் ஒரு ரேடியோவும் எரிந்த காலத்தில் போட்டது. மாலையில் எல்லாரும் அடுப்பும் கேத்தலும் போட்டால் பல்பே மங்குகிறது. காணி உறுதி கையில் இல்லாத இடத்தில் புதிய இணைப்பு கேட்பதும் இலேசான வேலையில்லை.

இது காரைப் பற்றிய குறை இல்லை. லக்சபான, காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் நீர்த்தேக்கங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம், ஒரு காரைச் செருக ஒழுங்கான சுவர் இல்லை. தனி வீடு கிடைத்து, வாசல்வரை வண்டி வரும் பாதையும் சொந்த மீற்றரும் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். மற்றவர்கள் மகனிடம் சொல்லி முதலில் வீட்டு வயரிங்கைச் செய்யுங்கள். அதுவரை நல்ல ஹைபிரிட் போதும்.

2014 லீஃப் ஒன்னு மலிவா வருது. எடுக்கலாமா?

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவன் கதைதான் இது. அந்த லீஃபில் பெட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. மீற்றரின் வலது ஓரத்தில் பெட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் விழும்போதே 15 சதவீதம் போயிருக்கும். எட்டுக் கட்டம் நின்றால் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக, அதாவது 15 யூனிட்டோ என்னவோ. கண்டி-நுவரெலியாவுக்கு மேலே போகவே 20 கேட்ட கணக்கை நினைத்துப்பாருங்கள். கார் சிறியது என்று இரண்டு யூனிட் கழித்தாலும் போய்ச் சேராது.

கட்டங்களை மட்டும் நம்பவும் வேண்டாம். கணினியை அழித்து எழுதி 12 காட்டவைக்கிற கைகள் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் சின்ன ரீடரும் 'லீஃப் ஸ்பை' என்ற போன் செயலியும் இருந்தால் உண்மை நிலை தெரியும். அதோடு ஒரு ஏற்றம் ஓட்டிப் பாருங்கள், கெட்ட செல் இருந்தால் அங்கே சதவீதம் பொலபொலவென்று விழும். இன்னொன்று, லீஃபின் வேகச் சார்ஜ் துளை சாடெமோ வகை. உலகம் அதை விட்டு சிசிஎஸ் என்ற வேறு வகைத் துளையின் பக்கம் போகிறது. டவுனுக்குள் மட்டும் ஓட, வீட்டில் நல்ல பிளக்கோடு, மலிவாக வந்தால் எடுக்கலாம். பயணத்துக்கு வேண்டாம்.

அமெரிக்கா, ஐரோப்பா எல்லாம் சீனக் காருக்கு வரி போடுறாங்களே. அப்ப மிஞ்சினது நமக்கு மலிவா வருமா?

பாதி சரி. அமெரிக்கா 2024 செப்டெம்பரிலிருந்து 100 சதவீதம் வரி, கதவைச் சாத்திய மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஒக்டோபர் கடைசியில் ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் பிவைடிக்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம் போட்டது. அரசாங்க மானியத்தில் செய்த மலிவுச் சரக்கு என்பது அவர்கள் குற்றச்சாட்டு. உள்ளூரில் வேலை போகும் என்ற பயமும் சேர்ந்தது.

அதனால் சீனக் கம்பனிகள் வேறு சந்தைகளைத் தேடுகின்றன. பிவைடி 2024 ஜூலையில் தாய்லாந்தில் தொழிற்சாலை திறந்தது. தாய்லாந்து, பிரித்தானியா, அவுஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போல் வலதுபக்க ஸ்டியரிங். அவர்களுக்காகச் செய்யும் வண்டி நமக்கும் பொருந்தும், அதுதான் நமக்கு உண்மையான லாபம். நமக்குக் கடல் தாண்டினால் தூத்துக்குடி, அங்கேயும் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஓகஸ்டில் தொழிற்சாலை திறந்திருக்கிறது.

மற்றப் பாதி நம் சுங்கத்தில். இங்கே மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாற்றை வைத்து உற்பத்தி வரி. அதற்கு மேல் சுங்கத் தீர்வை, 18 சதவீத வற் என்று அடுக்கு. ஷென்செனில் நடக்கும் விலைச் சண்டை ஹட்டனுக்கு வந்துசேரும்போது பாதி கரைந்துவிடும். அதே மொடலில் குறைந்த கிலோவாற் மோட்டார் இருந்தால் அதைக் கேளுங்கள். மலைக்கு 70 கிலோவாற் தாராளம்.

வாங்கின பிறகு கம்பனியே மூடிட்டா?

வீண் பயம் இல்லை. சீனாவில் டபிள்யூஎம் மோட்டார் 2023இல் வங்குரோத்துக்குப் போனது, நேட்டா 2025இல். அமெரிக்காவில் ஃபிஸ்கர் 2024 ஜூனில். இன்றைய கார் பாதி கணினி. கம்பனி சேர்வர் நின்றால் போன் செயலி வேலை செய்யாது, மென்பொருள் திருத்தம் வராது. ஃபிஸ்கர் வாங்கியவர்கள் சங்கம் கட்டித் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விலைச் சண்டையில் இன்னும் பல பெயர்கள் விழும் என்றுதான் நினைக்கிறேன். சீன அரசாங்கமே 2025இல் கார்க் கம்பனிகளைக் கூப்பிட்டு, அளவுக்கு மீறி விலை குறைக்காதே, உதிரிப்பாகக்காரனுக்கு 60 நாளில் காசைக் கொடு என்று அதட்டியது. ஆகவே பெயர் வாயில் நுழையாத கம்பனி என்றால், பத்து இலட்சம் குறைவு என்பதற்காகப் பாயாதீர்கள். கேட்க வேண்டியது மூன்று: பெட்டரி உத்தரவாதத்தை எழுதிக் கொடுப்பது யார், வெளிநாட்டுக் கம்பனியா உள்ளூர் முகவரா? பெட்டரியைத் திறக்கத் தெரிந்தவர் கண்டியிலாவது இருக்கிறாரா? கொழும்பில் மட்டும் என்றால் லொறியில் ஏற்றி அனுப்பும் செலவு யாருடையது?

நம்ம நாட்டு கிராபைட்தான் பெட்டரிக்குப் போகுதாமே. நாமே செய்யக்கூடாதா?

பெட்டரியின் ஒரு முனை கிராபைட்தான், எடையில் அதற்குப் பெரிய பங்கு. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடி நரம்பாகக் கிடைக்கும் நம் கிராபைட் தரத்துக்கு உலகப் பெயர் பெற்றது. ஆனால் தோண்டுவது முதல் படிதான். உருட்டி, சுத்திகரித்து, பூச்சு பூசிப் பெட்டரித் தரத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஏறக்குறைய முழுதும் சீனா வைத்திருக்கிறது. லிதியத்தை அதிகம் தோண்டுவது அவுஸ்திரேலியா, அதுவும் பெரும்பாலும் சீனாவில்தான் சுத்தமாகிறது. தேயிலையைப் பெட்டியில் அனுப்பிவிட்டுப் பெயரை வேறொருவன் போட்டுக்கொள்வதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிலக்கரிக் கரண்ட்லதானே ஓடுது? சுற்றாடலுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி, பாடசாலை மாஸ்டர் ஒருவர் கேட்டது. இரவில் சார்ஜ் போட்டால் நுரைச்சோலை நிலக்கரியும் அதில் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. நிலக்கரி மட்டும் என்றே வைப்போம். யூனிட்டுக்கு ஒரு கிலோ புகை, 100 கிலோமீற்றருக்கு 15 கிலோ. பெற்றோல் கார் அதே தூரத்துக்கு 19 கிலோ விடும். நம் நீர்மின்சாரமும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் பெரிது. பெட்டரி செய்யும்போது வெளியாகும் புகை சில தொன் உண்டு, நிறைய ஓடினால்தான் அது கழியும்.

உலகத்துக் கோபால்ட்டில் பெரும்பங்கு கொங்கோவிலிருந்து வருகிறது, சின்னப் பிள்ளைகள் குழிக்குள் இறங்கும் இடங்களும் அங்கே உண்டு. பிவைடி போடுவது இரும்பு பொஸ்பேற் பெட்டரி, அதில் கோபால்ட் இல்லை. விலைக்காகச் செய்தது, அதோடு இந்தப் பாவமும் குறைந்தது.

கரண்ட் போனா? டித்வா மாதிரி புயல் வந்தா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. அதே நாட்களில் பாதைகள் சரிந்து பவுசரும் வரவில்லை, ஷெட்டும் காய்ந்தது. 2022 பெற்றோல் வரிசையை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டுமே நம்மைக் கைவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டரியை நிரப்புங்கள், அன்றைக்கு மட்டும் 85 சதவீத விதி வேண்டாம். சில கார்களிலிருந்து வயர் எடுத்து வீட்டில் லைட்டும் பிரிஜ்ஜும் ஓட்டலாம். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை மட்டும் தொடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

நான் ஹயர் ஓடுறவன். வேனை வித்துட்டு இதுல இறங்கலாமா?

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து எல்ல, ஹோட்டன் சமவெளி என்று சுற்றுலாக்காரரை ஏற்றுகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். நாளுக்கு 150 கிலோமீற்றருக்குள், இரவு வண்டி சொந்த வீட்டில் நிற்கும் என்றால் உங்களுக்குத்தான் முதலில் லாபம். அதிகம் ஓடுகிறவனுக்கே மிச்சம். திடீரென்று கட்டுநாயக்க ஹயர் வந்து, அதை முடித்துவிட்டு அப்படியே காலிக்குப் போகிற ஓட்டம் என்றால் இப்போதைக்கு வேனை விற்காதீர்கள். லீசிங்காரரிடம் கையெழுத்துப் போடுமுன், நீங்கள் வழக்கமாகத் தங்கும் ஹோட்டல்களுக்குப் போன் பண்ணி, டிரைவர்மார் வண்டி நிறுத்தும் இடத்தில் ஏர்த் உள்ள 13 அம்பியர் பிளக் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். விருந்தினர் நிறுத்தும் இடத்தில் இருக்கும், டிரைவர் பக்கம் இருக்காது.